ஓடாத நேரத்துக்கு என்ன கூலி?

களமசேரியில் பிரியும் கண்டெய்னர் சாலை பதினேழு கிலோமீட்டர் ஓடி வல்லார்பாடத்துத் துறைமுக வாசலில் முடிகிறது. இருபுறமும் காயல், சதுப்பு, அலையாத்திப் புதர், நடுநடுவே சின்னச் சின்னத் தீவுகள். பார்க்க அழகான சாலைதான். ஆனால் முதலில் கண்ணில் படுவது ஓரத்தில் வரிசை கட்டி நிற்கும் ட்ரெய்லர்கள். எண் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் நாமக்கல்லின் டிஎன் 28-உம் சங்ககிரியின் டிஎன் 52-உம் தட்டுப்படும். வண்டி நிழலில் ஸ்டவ் எரியும். அரிசி ஊரிலிருந்தே மூட்டையாக வந்திருக்கும். கேரளத்து மட்ட அரிசிக்குத் தமிழ்நாட்டு டிரைவர்களின் வயிறு எளிதில் ஒத்துப்போவதில்லை. ஒருவர் குழம்பு தாளிப்பார், இன்னொருவர் கேபினில் கால் நீட்டித் தூங்குவார். வண்டி மட்டும் நகராது.

ஹெவி லைசன்ஸ் எடுக்கலாமா, இந்தத் தொழிலில் இறங்கலாமா என்று கேட்கிற இருபது வயதுப் பையனை நான் முதலில் கூட்டிவர விரும்பும் இடம் இந்தச் சாலையோரம்தான். மற்றவர்கள் வேறு இரண்டு இடங்களைக் காட்டுவார்கள். ஒன்று, இரவு நேர நெடுஞ்சாலை. இன்னொன்று, விபத்தில் நசுங்கிய கேபின். முதலாவது ஆசையைக் கிளப்பும், இரண்டாவது பயத்தை. இரண்டிலும் தொழிலின் கணக்கு தெரியாது. அது தெரிவது வண்டி நிற்கும் இடத்தில்.

வல்லார்பாடம் முனையத்தை 2011 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். நடத்துவது துபாயின் டிபி வேர்ல்டு. அதுவரை கொச்சியின் கண்டெய்னர்கள் எதிரே வெல்லிங்டன் தீவில் இறங்கிக்கொண்டிருந்தன. புதிய முனையத்துக்குச் சொல்லப்பட்ட நோக்கம் வேறு. பெரிய கப்பலிலிருந்து பெட்டியை இறக்கிச் சின்னக் கப்பலில் ஏற்றி அனுப்புவது, கொழும்பு செய்யும் வேலையை இங்கே செய்வது. அப்படி நடந்திருந்தால் பெட்டி கப்பலிலிருந்து கப்பலுக்கே போயிருக்கும். லாரிக்கு அங்கே வேலை குறைவு. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு அந்த வியாபாரம் வரவில்லை. கேரளத்து மீன், முந்திரி, கயிறு, வாசனைப் பொருள், கோவை–திருப்பூர்ப் பக்கத்துச் சரக்கு என்று உள்நாட்டுக்கு வந்து போகும் பெட்டிகளே மிகுதியாக இருந்தன. திட்டம் போட்டவர்களின் ஏமாற்றம் லாரிக்காரர்களுக்குப் பிழைப்பாயிற்று. ரயிலும் இருக்கிறது: இடப்பள்ளியிலிருந்து காயலுக்கு மேல் 4.62 கிலோமீட்டர் நீளப் பாலம் கட்டிக் கொண்டுவந்தார்கள். அது குறைவாகவே பயன்படுகிறது. பெட்டிகள் பெரும்பாலும் டயரில்தான் போகின்றன. இந்தச் சாலைக்கும் ரயிலுக்கும் இடம் எடுக்க 2008-ல் மூலம்பிள்ளி உள்ளிட்ட ஊர்களில் முன்னூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது தனிக் கட்டுரை.

‘நெடுந்தூர ஓட்டம்’ என்று ஒரே பெயரால் சொன்னாலும் இந்த வாசலில் நிற்பவை ஒரே வகை வேலை அல்ல. முனையத்துக்கும் பக்கத்துக் கிடங்குகளுக்கும் நடையடிக்கும் லோக்கல் வண்டி ஒன்று. திருச்சூர், பாலக்காடு, வாளையார் தாண்டி கோவைக்கோ திருப்பூருக்கோ போய்த் திரும்பும் நடுத்தர ஓட்டம் இன்னொன்று. மூன்றாவதுதான் உண்மையான லைன்: நாமக்கல், சங்ககிரி வண்டிகள் மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று போய், ரிட்டர்ன் லோடு கிடைக்கும் ஊரெல்லாம் சுற்றி, வாரக்கணக்கில் வீடு திரும்பாமல் ஓடுவது. புதியவர்கள் கேள்வி கேட்பது மூன்றாவதைப் பற்றி. பதிலோ பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நுழைவாயில் முன்பைவிட அகலம். சரக்கு வண்டி ஓட்ட வயது இருபது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன் ஓராண்டாவது கார் லைசன்ஸ் கையில் இருந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வண்டி லைசன்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. சின்ன வண்டியில் கை பழகிப் பெரிய வண்டிக்குப் போக அது நல்ல படிக்கட்டு.

ஆனால் வாசல் அகலமான அதே காலத்தில் பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது. நம் ஊரில் லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தது டிரைவிங் ஸ்கூல் அல்ல, கிளீனர் வேலை. பதினெட்டு வயதில் கிளீனராக ஏறுவான். தார்ப்பாய் கட்டுவான், டயர் தட்டுவான், ரிவர்ஸில் பின்னால் நின்று குரல் கொடுப்பான். காலி வண்டி, காலிச் சாலை கிடைத்த இரவொன்றில் டிரைவர் ஸ்டீயரிங்கைக் கையில் தருவார். இரண்டு மூன்று வருஷத்தில் டிரைவர் ஆவான். அடி, வசவு, சம்பளமில்லாத மாதங்கள் எல்லாம் அதில் உண்டு. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலையிறக்கத்தில் எந்த கியரில் வர வேண்டும் என்பதை அவன் உடம்பால் கற்றான். வாடகை கட்டுப்படியாகாமல் முதலாளிகள் கிளீனரை நிறுத்தினார்கள். நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-ல் போய்விட்டது. இப்போது புதியவன் தனியாக ஏறுகிறான்.

தனியாக ஏறுவதன் விலை என்ன என்பதற்குக் கனடாவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காட்சுவன் மாகாணத்தில் ஒரு டிரக், நிறுத்தப் பலகையைக் கவனிக்காமல் குறுக்குச் சாலைக்குள் புகுந்தது. ஹம்போல்ட் நகர ஹாக்கி அணியின் பேருந்து அதில் மோதியது. இறந்தவர்கள் 16 பேர். டிரக் ஓட்டியவர் இந்தியாவிலிருந்து குடியேறிய இளைஞர். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவருக்கு எட்டாண்டுச் சிறை. ஒன்டாரியோவில் 2017 முதலே புதிய டிரக் ஓட்டுநருக்கு நூறு மணி நேரத்துக்கும் மேல் கட்டாயப் பயிற்சி இருந்தது. சஸ்காட்சுவன் அந்த விபத்துக்குப் பிறகு 2019-ல் கொண்டுவந்தது. டொரோண்டோவில் இருக்கும் உறவினர் ‘இங்கே வா, டிரக் ஓட்டினால் கை நிறையக் காசு’ என்று சொன்னால், அந்த நூறு மணி நேரத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, காசு. எவ்வளவு கிடைக்கும் என்று ஒரே எண்ணாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். மாதச் சம்பளம் என்று ஒன்று பேசுவார்கள். அதற்கு மேல் டிரிப்புக்கு இவ்வளவு பேட்டா. சில இடங்களில் சம்பளமே இல்லை, வாடகையில் பங்கு. டீசல் கணக்கு தனி: லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி வரையறுத்துவிடுவார். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு லாபம், குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம். வழிச்செலவு, மாமூல், பஞ்சர், ஏற்றுகூலி இறக்குகூலித் தகராறு எல்லாம் டிரிப் ஷீட்டில் வந்து சேரும். இத்தனைக்கும் அடியில் ஓடுவது ஒரே விதி: சக்கரம் சுற்றினால்தான் காசு.

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். டிரிப்புக்கு எல்லாம் போக 2,000 ரூபாய் டிரைவருக்கு நிற்கிறது, போய்வர இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 15 டிரிப், 30,000 ரூபாய். இப்போது ஒவ்வொரு டிரிப்பிலும் துறைமுக வாசலிலோ கம்பெனி வாசலிலோ ஒரே ஒரு நாள் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கிறது. டிரிப் 10 ஆகிவிடும், வருமானம் 20,000. வேலைக்கு எடுக்கும்போது சொன்ன ‘டிரிப்புக்கு 2,000’ பொய்யில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. நிற்கிற நாளில் சாப்பாட்டுச் செலவு, குளிக்கக் கழிக்கக் கொடுக்கும் காசு அவன் பையிலிருந்தே போகும். அது போதாதென்று, நிறுத்த இடமில்லாமல் சாலையோரத்தில் நிறுத்தியதற்குப் போலீஸ் அபராதமும் உண்டு. அபராதம் போடுவதிலும் நியாயம் இருக்கிறது: கண்டெய்னர் சாலையில் நிற்கும் ட்ரெய்லரின் பின்னால் இருட்டில் இரு சக்கர வண்டிக்காரர்கள் மோதி இறந்திருக்கிறார்கள். லாரிக்கு என்று இடம் போதுமான அளவு கொடுக்காமல் கண்டெய்னர் முனையம் நடத்தினால் இப்படித்தான் இரு தரப்பும் சாகவும் நோகவும் வேண்டியிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. கண்டெய்னர் என்ற பெட்டியே லாரிக்காரன் காத்திருந்த கடுப்பில் பிறந்ததாகத்தான் கதை. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 1937-ல் பஞ்சு மூட்டைகளோடு ஒரு துறைமுகத்தில் நாளெல்லாம் நின்றாராம். மூட்டை மூட்டையாக இறக்குவதற்குப் பதில் வண்டியின் பெட்டியை அப்படியே கப்பலில் தூக்கி வைத்தால் என்ன என்று தோன்றியதாம். வரலாற்றாசிரியர்கள் இந்தக் கதையைச் சந்தேகிக்கிறார்கள். சந்தேகமில்லாதது, 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய ஐடியல் எக்ஸ் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து புறப்பட்டது. இந்தியாவுக்குக் கண்டெய்னர் வந்திறங்கியதும் முதலில் கொச்சியில்தான், 1973 நவம்பரில், பிரெசிடென்ட் டைலர் கப்பலில். கப்பல் காத்திருக்கும் காலம் அன்று முதல் குறைந்துகொண்டே வந்தது. கப்பல் ஒரு நாள் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட ஆள் இருக்கிறது. லாரி நின்றால் கணக்குப் போட யாரும் இல்லை.

யாரும் போட்டதில்லை என்றும் சொல்ல முடியாது. காயலுக்கு அக்கரையில், மட்டாஞ்சேரியில் அந்தக் கணக்கை ஒரு முறை ரத்தத்தால் போட்டார்கள். கப்பல் சரக்கு இறக்க விடிகாலையில் கூட்டமாக வந்து நிற்கும் தொழிலாளர்களை நோக்கி கங்காணி உலோக வில்லைகளை வீசுவான். அதற்கு ‘சாப்பா’ என்று பெயர். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை. மற்றவன் வந்தது, நின்றது எதற்கும் காசில்லை. இதை எதிர்த்து நடந்த போராட்டம் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. மூவர் உயிர் போயிற்று. ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ படத்தில் வருவது அந்தக் கதைதான். துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்த 1948-லேயே சட்டம் இருந்தது. அதன்கீழ் வகுக்கப்பட்ட திட்டங்கள், பதிவு பெற்ற தொழிலாளி வேலைக்கு வந்து வேலை இல்லாமல் திரும்பினால் வருகைப்படி உண்டு என்றன. காத்திருப்பதும் வேலைதான் என்று இந்தத் துறைமுகம் ஒத்துக்கொண்டது அப்படி. துறைமுகச் சுவருக்கு உள்ளே நின்றவனுக்கு. வெளியே ஸ்டீயரிங்கில் சாய்ந்து நிற்பவனுக்கு அந்த ஒப்புதல் இன்னும் வரவில்லை.

வராததற்குக் காரணம் அவனுடைய முதலாளி யார் என்பதில் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. நெடுந்தூர ஓட்டத்துக்குப் பத்து மணி, 54 மணி வரை விட்டுக்கொடுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றும் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. நம் நாட்டு லாரிகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுடையவை. முதலாளியே நேற்றுவரை டிரைவராக இருந்தவர். வங்கித் தவணைக்குப் பயந்து அவரே இரவு ஓட்டுபவர். அவரைக் கொடுங்கோலன் என்று வைவதில் பொருளில்லை. வண்டி காத்திருந்ததற்குச் சரக்குக்காரன் தரும் ‘ஹால்டிங்’ காசு அவருக்கே சரியாக வருவதில்லை. 2020-ன் புதிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பு பழைய சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டாலும் இந்தச் சின்ன முதலாளியின் கேபினுக்குள் அது எட்டுமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

நின்ற நேரத்தை டிரைவர் எங்கே ஈடுகட்டுவான்? தூக்கத்தில். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை இதற்கு எண் தந்தது: கிடங்குகளில் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் கூடினால் விபத்து வாய்ப்பு 6.2 சதவீதம் கூடுகிறது. பதினைந்து நிமிடத்துக்கு அவ்வளவு. அங்கேயும் டிரைவருக்கு மைல் கணக்கில்தான் கூலி. 1938 முதல் பெரும்பாலானவர்களுக்கு ஓவர்டைம் சட்டமும் கிடையாது. பெரிய நிறுவனங்களில் வருஷத்துக்குத் தொண்ணூறு சதவீதம் டிரைவர்கள் மாறிக்கொண்டே இருந்த காலமும் உண்டு. ‘டிரைவர் பஞ்சம்’ என்று அவர்கள் போடும் கூச்சலைப் பொருளியலாளர்கள் சிலர் ஏற்கவில்லை. ஆள் இல்லாமல் இல்லை, நிலைப்பதில்லை என்றார்கள். இங்கே 22 லட்சம் டிரைவர்கள் குறைகிறார்கள் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவருகிறார். அது உண்மையாகவே இருக்கட்டும். பஞ்சம் என்றால் கூலி ஏற வேண்டும், காத்திருப்புக்குக் காசு வர வேண்டும். அது வராதவரை அந்த எண்ணை வேலை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாலைப் பாதுகாப்பு அமைப்பான சேவ் லைஃப் ஃபவுண்டேஷன் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் பத்து நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரைவர்களிடம் பேசினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர், அசதியோ தூக்கமோ இருந்தாலும் ஓட்டுவோம் என்றார்கள். தங்கள் குடும்பத்தாருக்கு இந்தத் தொழிலைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றவர்கள் 84 சதவீதம். வேலையை உள்ளிருந்து அறிந்தவர்களின் வாக்கு அது. எச்.ஐ.வி. பயம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் நாமக்கல் என்றாலே முகம் சுளித்த நினைவும், ‘லைன் டிரைவருக்குப் பெண் கொடுப்பதா’ என்ற பேச்சும் இன்னும் முழுக்கப் போகவில்லை.

ஓய்வுக்கு ஒதுங்கும் இடமும் ஆபத்தாகலாம். 2024 ஜூலை 16 அன்று கர்நாடகத்தின் ஷிரூரில் மலை சரிந்து, தேசிய நெடுஞ்சாலை 66-ஐயும் ஓரத்து டீக்கடையையும் கங்காவளி ஆற்றுக்குள் தள்ளியது. கோழிக்கோட்டு லாரி டிரைவர் ஒருவரின் உடலும் வண்டியும் ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது இரண்டு மாதத்துக்கும் மேலான தேடலுக்குப் பிறகு, செப்டம்பர் 25-ல். கேரளமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அதே சரிவில் தமிழ்நாட்டு டிரைவர்களும் இறந்தார்கள். நம் ஊடகங்களில் அது ஓரிரு நாள் செய்தி. விபத்து நடத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் போனால் பத்தாண்டு வரை சிறை என்ற, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவை எதிர்த்து 2024-ன் முதல் நாட்களில் வடக்கே டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். நின்றால் கூட்டம் அடிக்கும், போனால் சட்டம் அடிக்கும் என்பது அவர்கள் வாதம். அரசு அந்தப் பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தது.

எல்லாம் இருட்டு என்று சொன்னால் அது பொய்யாகும். வாளையார் செக்போஸ்ட்டில் மைல் கணக்கில் லாரி நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச் சாவடிகள் போனது சின்ன விஷயமில்லை. ஜிஎஸ்டியைத் திட்டுபவர்கள்கூட இந்த ஒன்றைத் திட்ட மாட்டார்கள். 2021-ல் குதிரான் சுரங்கப் பாதை திறந்தபின் திருச்சூர்–பாலக்காடு ஏற்றத்தில் இரவெல்லாம் முனகிக்கொண்டு நின்ற வரிசை போயிற்று. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். ஐம்பது ஆண்டு தாமதம்; ஆனாலும் வந்தது. ஓட்டத்தையே துண்டு போட்டு, டிரைவர் நாலைந்து மணி நேரம் ஓட்டி அடுத்தவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வேறொரு வண்டியில் அன்றே வீடு திரும்பும் முறையை ரிவிகோ என்ற நிறுவனம் 2014-க்குப் பிறகு இந்தியாவில் செய்து காட்டியது. வியாபாரம் சோபிக்கவில்லை, அதன் ஒரு பகுதியை 2022-ல் மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கிக்கொண்டது. ஆனால் நெடுந்தூரச் சரக்குக்கு நெடுந்தூரம் வீட்டைப் பிரிந்த மனிதன் தேவையில்லை என்று அது காட்டிவிட்டது.

என் தீர்ப்பைக் கேட்டால்: இருபது வயதில் நேராக வடக்கு லைனுக்கு, ஒற்றை வண்டி முதலாளியிடம், பங்குக் கூலிக்கு ஏறுவது வேண்டாம். பார்க்கிறவர்களுக்கு வீரமாகத் தெரியும். கையில் நிற்பது மற்றவர்கள் வீணடித்த நேரத்தின் பாக்கி. வேறு போக்கே இல்லாதவனுக்கு இந்த அறிவுரை கசக்கும், தெரியும். ஆனால் வல்லார்பாடம்–கோவை போன்ற நடுத்தர ஓட்டம், பத்துப் பதினைந்து வண்டி வைத்திருக்கும் நிறுவனம், மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று அமைந்தால் தயங்காமல் ஏறலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வீடு, ஒரே சாலையின் பழக்கம், ட்ரெய்லர் ரிவர்ஸில் கை தேர்ச்சி எல்லாம் அதில் கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டி, ஆபத்தான திரவங்கள் ஏற்றும் டேங்கர் என்று தனிப் பயிற்சி தேவைப்படும் வண்டிகளுக்கு அங்கிருந்து நகரலாம். டேங்கருக்கு லைசன்ஸில் தனி ஒப்புதல் வேண்டும். அதற்கான பயிற்சி சில நாட்கள்தான், அதைச் செய்யச் சோம்பல்படுபவர்கள் நிறைய. ஏழெட்டு ஆண்டு கழித்துச் சொந்த வண்டி வாங்கும் ஆசை வரும். வரும்போது, காத்திருப்பின் நஷ்டம் அன்று முதல் தவணையோடு சேர்ந்து உங்கள் தலையில் விடியும் என்பதை மறக்க வேண்டாம்.

சேருவதற்கு முன் முதலாளியிடம் டிரிப்புக்கு எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். போன மாதம் இந்த வண்டி எத்தனை டிரிப் அடித்தது, வாசலில் இரண்டாம் நாள் நின்றால் எனக்கு என்ன, ஹால்டிங் வந்தால் அதில் என் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதிலை டிரிப் ஷீட்டின் பின்பக்கமாவது எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. கேரளத்தில் 1985-ன் சட்டப்படி மோட்டார் தொழிலாளர் நல நிதி இருக்கிறது. முதல் டிரிப்புக்கு முன்பே எதில் பெயர் சேர்க்க முடியுமோ அதில் சேர்த்துவிடுங்கள்.